பாலுமகேந்திராவை சினிமாவுக்கு இழுத்த 'பாலம்': கித்துல்கலவில் அன்று என்ன நடந்தது?

வடுகபட்டி, பெரியகுளம் பக்கம் சினிமா பேச்சு வந்தாலே இளையராஜா, வைரமுத்து, இயக்குநர் பாலா என்று தேனி மாவட்டப் பெயர்கள் வரிசை கட்டும். இந்த மூணு பேரும் சேர்ந்து வேலை பார்த்த ஒருத்தர் உண்டு: பாலுமகேந்திரா. 'மூடுபனி' இளையராஜாவுக்கு 100-வது படம். 'நீங்கள் கேட்டவை'யில் வைரமுத்து பாட்டு எழுதினார். பாலாவுக்கு அவர்தான் குரு. ஆனால் அவர் தேனிக்காரர் இல்லை, தமிழ்நாட்டுக்காரரே இல்லை.

இலங்கையில் மட்டக்களப்பு அருகே அமிர்தகழியில் 1939 மே 20-ல் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது சுற்றுலா போன இடத்தில் ஒரு ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. படம், 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. இயக்குநர் டேவிட் லீன்.

மழை வேண்டும் என்று லீன் குரல் கொடுக்கிறார், உடனே மழை கொட்டுகிறது. செயற்கை மழைதான். ஆனால் அந்தப் பையனுக்கு அது கடவுள் வேலை மாதிரி தெரிந்தது. தானும் இயக்குநர் ஆகணும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். இதை வயசான பிறகும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தப் படத்தில் அப்படி என்ன?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கிய கைதிகள் ரயில் பாலம் கட்டும் கதை. கிராபிக்ஸ் இல்லாத காலம். களனி ஆற்றின் குறுக்கே, கித்துல்கலவில் நிஜமாகவே மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் ரயிலோடு சேர்த்து வெடித்துத் தகர்த்தார்கள். ஒளிப்பதிவு உட்பட 7 ஆஸ்கர் கிடைத்தது.

ஆசை வந்துவிட்டது, வழி உடனே வரவில்லை. இலங்கை அரசு அலுவலகத்தில் வரைபடக் கலைஞராக வேலை பார்த்தார். பிறகு புனே திரைப்படக் கல்லூரி. அங்கே கிடைத்தது ஒளிப்பதிவு வகுப்புதான். கிடைத்ததை விடவில்லை, 1969-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். மலையாளத்தில் ராமு காரியத்தின் 'நெல்லு' முதல் படம். தமிழில் 'முள்ளும் மலரும்'. இயக்குநராக முதல் படம், 1977-ல் கன்னட 'கோகிலா'. அதன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டளை போட்டு வரவழைத்த மழையைப் பார்த்து சினிமாவுக்கு வந்தவர், கடைசியில் இயற்கை வெளிச்சத்துக்குப் பேர் போனவர் ஆனார். லீனிடம் இருந்த பிரம்மாண்டம் அவருக்கு வாய்க்கவும் இல்லை, அவர் அதைத் தேடவும் இல்லை. லீன் பாலத்தைத் தகர்த்தார் என்றால், இவர் 'வீடு' படத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் சின்ன வீடு கட்டப் படும் பாட்டைக் காட்டினார். பாட்டே கிடையாது. பின்னணிக்கு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசையை எடுத்துக்கொண்டார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான். அவருடைய படங்களில் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

மழை மட்டும் அவரை விடவில்லை. 'மூன்றாம் பிறை' கிளைமாக்ஸை யோசித்துப் பாருங்க. ஊட்டி பக்கம் கேத்தி ரயில் நிலையம், கொட்டுற மழை, சேற்றில் விழுந்து எழும் கமல், நகர்ந்துபோகும் ரயில்.

பின்னாளில் சென்னையில் சினிமாப் பட்டறை நடத்தினார். வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என அவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள் இன்றைக்கு இயக்குநர்கள். 2013-ல் 'தலைமுறைகள்' எடுத்து, தாத்தாவாக அவரே நடித்தார். 2014 பிப்ரவரி 13-ல் சென்னையில் காலமானார்.

கித்துல்கலவில் அந்தப் பாலத்தின் அடித்தளம் ஆற்றோரம் இன்னும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்த்து வருகிறார்கள்.