காவிரிக்குக் கரை கண்ட கரிகாற் பெருவளத்தான்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே ஆற்றிடைக்குறையாகத் திருவரங்கம் விளங்குவதை அன்பர்கள் அறிவர். அக்காவிரியைக் கரைக்குள் அடக்கியவன் என்று முன்னோர் போற்றும் சோழ மன்னனின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க விண்ணப்பிக்கின்றோம்.

இளஞ்சேட்சென்னியின் புதல்வனான கரிகாலன் இளமையிலேயே தந்தையை இழந்து, பகைவரால் சிறைப்பட்டு, காவலைக் கடந்து அரியணை ஏறினான். சிறையில் மூட்டிய தீயில் கால் கருகியதால் இப்பெயர் வந்ததென்பர். வெண்ணிப் பறந்தலையில் சேர பாண்டியரையும் வேளிர் பதினொருவரையும் வென்றான். போர்கள் இருக்கட்டும், நமக்கு வேண்டியது அவன் மண் சுமப்பித்த செய்தியே.

சோணாடு கிழக்கே மெல்லச் சரியும் சமவெளி. பிரவாகம் தணியுமிடத்தில் வண்டல் படியும்; ஆற்றுமடி உயரும்; நேற்றுப் போதுமாயிருந்த கரை இன்று போதாது. ஆகவே கரையை ஒருமுறை இட்டு நிறுத்தினால் ஆகாது. மேலும் மேலும் உயர்த்தி, அடியை அகலப்படுத்தி வரவேண்டும். உடைப்பெடுத்தால் விளைநிலம் மணல்மேடாகும். பெருமாளுக்குத் தளிகை ஏது?

இச்செயலைப் பட்டினப்பாலை கூறவில்லை. காடழித்து நாடாக்கியதையும் குளம் தொட்டதையுமே கூறுகிறது. கரை பற்றிய சான்று பல நூற்றாண்டுகள் பிந்தியது. ரேநாட்டுச் சோழன் புண்யகுமாரனின் மாலேபாட்டுச் செப்பேடு, பெருகிய காவிரியை அடக்கியவனெனக் கரிகாலனைத் துதிக்கிறது. வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டின் வடமொழிப் பகுதியோ, அரசர்கள் தம் கையால் கூடையில் மண் கொணர்ந்து கரையிட்டதாகக் கூறுகிறது. கவிக்கு அரசர் கைக் கூடை அழகுதான். ஆயினும் ஈழத்திலிருந்து பன்னீராயிரவரைச் சிறைகொணர்ந்து வேலை வாங்கினான் என்னும் பழங்கதையே அடியேன் நெஞ்சை உறுத்துகிறது. எண்ணிக்கை எதுவாயினும், ஊரும் உற்றாரும் பிரிந்து வெயிலில் மண் சுமந்தவர் எவரோ இருந்திருத்தல் வேண்டும். கல்லணையருகே யானைமீது அமர்ந்த மன்னன் சிலையைக் காணும் அன்பர்கள் அவர்களையும் ஒருகணம் நினைப்பாராக.

கல்லணையும் அவன் பணியென்றே வழங்கிவருகிறது. ஏறத்தாழ 1080 அடி நீளமுடைய அவ்வணை, காவிரிநீர் தாழ்ந்த கொள்ளிடத்தில் வீணே விழாது தடுத்து, பெருவெள்ளத்தை மட்டும் அங்கே வழியவிடும். கொள்ளிடம் அவ்வெள்ளத்தை ஏற்பதால்தான் காவிரிக் கரைகளின் பாரம் குறைகிறது. மணலில் பெருங்கற்களைத் தாமே அமிழவிட்டு, மேலும் மேலும் கல்லடுக்கி, களிமண்ணால் பிணைத்த அம்முறையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கூர்ந்து கற்றார். 1836-ல் கொள்ளிடத் தலைப்பில் மேலணை கட்டவும், பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையைத் தொடங்கவும் அக்கல்வி அவருக்குத் துணைநின்றது.