உதைபந்தாட்ட விதி வகுத்த வோல்ற்றர் காம்ப்

அயலயலே அமைந்த இரு கல்லூரிகள் ஆண்டுதோறும் மைதானத்திற் சந்திக்கும்பொழுது அங்கே ஆடுவோர் இருபத்திரண்டு இளைஞர் மட்டுமல்லர். பழைய மாணவர், ஆசிரியர், பெற்றோர், ஊரவர் ஆகிய அனைவருடைய மானமும் அப்பந்தோடு சேர்ந்து உருள்கின்றது. இம்மானவுணர்ச்சி கல்லூரியை வளர்ப்பதும் உண்டு. வரம்பு கடப்பின் அதனைக் கெடுப்பதும் உண்டு. இவ்விரண்டினையும் தம் வாழ்நாளிலே கண்டவர் அமெரிக்க உதைபந்தாட்டத்தின் தந்தையெனப் போற்றப்படும் வோல்ற்றர் காம்ப் என்பார். அன்னாரின் சரிதை கல்லூரி விழா மலரொன்றிற் பேசுதற்கு மிகவும் ஏற்றதாகும்.

அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியிலே ஹாவார்ட், யேல் என்னும் இரு பெருங் கல்விக்கூடங்கள் உள்ளன. ஹாவார்ட் 1636 ஆம் ஆண்டிலே தோன்றியது. யேல் 1701 இல் தோன்றியது. யேலைத் தோற்றுவித்த குருமாரிற் பெரும்பாலார் ஹாவார்ட்டின் பழைய மாணவரே. எனவே ஒன்றை மற்றதன் இளவல் எனக் கூறினும் பொருந்தும். தமிழராகிய நமக்கு யேலோடு ஒரு சிறு தொடர்பும் உண்டு. சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராயிருந்த எலிகு யேல் என்பவர் பிற்காலத்தில் அக்கல்லூரிக்கு நூல்களும் துணி முதலிய பண்டங்களும் அனுப்பி உதவினார். அவ்வுதவியை நினைந்தே 1718 இல் அவர் பெயர் அதற்கு இடப்பட்டது.

காம்ப் 1859 ஏப்ரல் 7 ஆம் நாள் கொனெக்ரிக்கற் மாநிலத்திலே பிறந்தார். நியூ ஹேவன் நகரிலே கல்வி பயின்று, 1876 இல் யேலிற் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டு, 1875 நவம்பர் 13 ஆம் நாள், ஹாவார்ட்டும் யேலும் முதன்முறையாக உதைபந்தாட்டத்திற் பொருதின. ஹாவார்ட் நான்கு கோல்களால் வென்றது. மறு ஆண்டு யேல் அத்தோல்விக்கு ஈடு செய்தது. அவ்வெற்றியிற் பங்குகொண்டவருள் முதலாண்டு மாணவராகிய காம்ப்பும் ஒருவர்.

அங்கு ஆடப்பட்ட ஆட்டம் நாம் இங்கு ஆடும் உதைபந்தாட்டம் அன்று. பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவதும் அதன் இயல்பு. றக்பி ஆட்டத்தின் வழிவந்த அதிலே, இரு கட்சியினரும் நெருங்கி நின்று முட்டி மோதுங்கால் பந்து எப்பக்கம் வெளிப்படும் என்பதை எவரும் அறியார். காம்ப் 1880 இல் கல்லூரிகளின் பொதுக்கூட்டத்திலே இரு திருத்தங்களை நிறைவேற்றுவித்தார். கட்சிக்குப் பதினைவர் என்பது பதினொருவர் என்றாயிற்று. பந்து ஒரு கட்சிக்கே உரியதாக நிற்க, நடுவில் நிற்பவர் அதனைப் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடக்கும் முறையும் வந்தது. குருட்டு மோதலாயிருந்தது சிந்தித்துத் திட்டமிடும் ஆட்டமாக மாறியது.

ஆயின் விதி வகுப்போன் ஒரு வாயிலை அடைத்தால், வெற்றியையே குறிக்கொண்டோன் மற்றொரு வாயிலைத் தேடுவான். 1881 இல் யேலும் பிரின்ஸ்ரனும் ஆடியபொழுது ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு பாதி நேரம் முழுவதும் பந்தைக் கைவிடாது, முன்னேறவும் முயலாது நின்றது. காண வந்தோர் சலிப்புற்றனர். அதற்கு மருந்தாகவே 1882 இல், மூன்று முயற்சிகளில் ஐந்து யார் முன்னேறாத கட்சி பந்தை இழக்கும் என்னும் விதியைக் காம்ப் கொணர்ந்தார். தூரத்தை அளத்தற்பொருட்டு மைதானத்திலே ஐந்து யாருக்கு ஒரு கோடு வரைந்தனர்.

பட்டம் பெற்றபின் சிறிது காலம் மருத்துவம் பயின்ற காம்ப் அதனைக் கைவிட்டு, நியூ ஹேவன் மணிக்கூட்டுக் கம்பெனியில் அமர்ந்து, காலப்போக்கில் அதன் தலைவருமாயினார். 1888 இலே யேல் அணியின் பயிற்றுநர் பொறுப்பும் அவருக்கு வந்தது. பகலில் அலுவல் காரணமாக மைதானஞ் செல்ல அவரால் இயலாதிருந்தது. அவ்வாண்டு அவரை மணந்த அலிஸ் அம்மையார் நாடோறும் மைதானஞ் சென்று, பயிற்சியைக் கூர்ந்து நோக்கிக் கணவருக்கு எடுத்துரைத்தார். மாலையில் ஆட்டக்காரர் வீட்டுக்கு வந்து ஆலோசனை பெற்றனர். அப்பருவத்தில் யேல் பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்று 698 புள்ளிகள் ஈட்டியது. எதிரணிகளுள் ஒன்றேனும் ஒரு புள்ளியும் பெறவில்லை.

இப்புகழினூடே ஒரு நோயும் வளர்ந்தது. ஐந்து யார் முன்னேற எளிய வழி, பலர் ஒருங்கு திரண்டு ஒருவன்மேற் பாய்வதே எனக் கண்டனர். 1892 இல் ஹாவார்ட் அணி ஆப்பு வடிவில் விரைந்தோடி வந்து யேலைத் தாக்கியது. ஸ்பிரிங்பீல்ட் நகரிலே 1894 இல் நிகழ்ந்த ஆட்டத்தில் இரு பக்கத்தும் பலர் படுகாயமுற்றனர். யேல் 12–4 என வென்றது. வென்றும் பயன் யாது? இரு கல்லூரிகளும் உறவு முறித்தன. 1895, 1896 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அவை தம்முள் ஆடவில்லை. ஹாவார்ட் அதிபர் எலியற் இவ்வாட்டத்தை வெளிப்படையாகவே கண்டித்தார். காம்ப்போ பழைய ஆட்டக்காரர் பலரின் கருத்துக்களைத் திரட்டி நூலாக்கி ஆட்டத்துக்காக வாதாடினார்.

1905 இல் இளைஞர் சிலர் மைதானத்திலேயே உயிர் துறக்கவும் நாடு கொதித்தெழுந்தது. ஹாவார்ட்டின் பழைய மாணவராகிய சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற் அவ்வாண்டு ஒக்ரோபர் 9 ஆம் நாள் ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து நேர்மையாக ஆடுமாறு வற்புறுத்தினார். காம்ப்பும் அங்கிருந்தார். மறு ஆண்டு விதிகள் மாறின. ஐந்து யார் பத்து யாராயிற்று; இது காம்ப் விரும்பிய மாற்றம். பந்தை முன்னோக்கி எறியலாம் என்பதும் விதியாயிற்று. இதனை அவர் உவந்து ஏற்றவரல்லர். எனினும், தாம் வளர்த்த ஆட்டம் தம் கருத்துக்கு மாறாகத் திருந்தியபொழுதும், அவர் விதிக் குழுவை விட்டு விலகவில்லை. இறுதிவரை அதிற் பணியாற்றினார்.

முதலாம் உலகப் போர்க் காலத்திலே கடற்படையினர்க்காகப் பன்னிரண்டு எளிய உடற்பயிற்சிகளை அவர் வகுத்தார். பின்னர் அவை அமெரிக்க இல்லங்களெங்கும் பரவின. 1925 மார்ச் 14 ஆம் நாள், விதிக் குழுக் கூட்டத்துக்காக நியூயோர்க் சென்றிருந்தவிடத்தே, தங்கியிருந்த அறையில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. 1928 இல் யேல் மைதானத்தின் முன்னே அவர் நினைவாகப் பெருவாயில் ஒன்று எழுந்தது. அதற்குப் பொருளுதவியோருள் யேலின் எதிர்க்கட்சிக் கல்லூரிகள் பலவும் அடங்கும்.

காம்ப் குறையற்றவர் என்று கூறுவதற்கில்லை. ஆட்டத்தின்மீது கொண்ட பற்று, அதன் தீங்கைக் காண்பதில் அவரைத் தாமதிக்கச் செய்தது. ஆயினும் மைதானத்திற்கு விதி வேண்டுமென உணர்ந்து, அதற்காக அரை நூற்றாண்டு உழைத்தவர் அவர். மாணவர்காள், விதியை நடுவர் காப்பார். விதி எட்டாத இடத்திலே ஆட்டத்தைக் காப்பது நீங்களே. எதிரே நிற்கும் அயற்கல்லூரியான் இல்லையேல் உங்களுக்கு ஆட்டமும் இல்லை, வெற்றியும் இல்லை. முறிந்த உறவை 1897 இல் மீண்டும் புதுக்கிய ஹாவார்ட்டும் யேலும் இன்றும் ஆண்டுதோறும் நவம்பரிற் சந்தித்து ஆடுகின்றன.