கண்களைக் காப்பாற்றிய ஓட்டக்காரர்

1924ஆம் ஆண்டு. பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது.

1500 மீட்டர் ஓட்டத்தில் இங்கிலாந்து வாலிபர் ஒருவர் ஓடினார். அவர் காலில் காயம். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் உயிர் போகிற வலி. ஆனாலும் அவர் நிற்கவில்லை. மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றார்.

அவர் பெயர் ஹென்றி ஸ்டாலர்டு. 1901இல் லீட்ஸ் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். பின்னாளில் லண்டன் மூர்பீல்ட்ஸ் ஆஸ்பத்திரியில் பெயர் பெற்ற கண் டாக்டர் ஆனார்.

கண்ணா, உயிரா?

அக்காலத்தில் கண்ணுக்குள் புற்றுநோய் வந்தால், பெரும்பாலும் கண்ணையே எடுத்துவிடுவார்கள். சில பச்சைக் குழந்தைகளுக்கு இரண்டு கண்களிலும் இந்நோய் வரும். உயிர் பிழைத்தாலும் வாழ்நாள் எல்லாம் இருட்டுதான்.

பாஸ்டர் மூர் என்ற மூத்த டாக்டர், 1930 வாக்கில் கதிர் வீச்சினால் கட்டியை அழிக்க முயன்றார். அந்த வழியில் ஸ்டாலர்டு மேலும் சென்றார்.

கோபால்ட் என்ற உலோகத்தின் கதிர் வீசும் வகையைக்கொண்டு சிறு தகடு செய்தார். கண்ணின் உருண்டைக்கு ஏற்றபடி அது வளைந்திருக்கும். கட்டிக்கு நேராக, கண்ணின் வெளிச்சுவரில் அதை வைத்துத் தைத்தார். சில நாள் கழித்து எடுத்துவிட்டார். கட்டி சுருங்கியது. பலருக்குக் கண் தப்பியது.

காலம் சொன்ன தீர்ப்பு

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல வேறு தொல்லை தெரிந்தது. கோபால்ட் கதிர் கட்டியோடு நிற்காது, சுற்றிலும் பாயும். அதனால் சிலருக்குக் கண்புரை வந்தது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கெட்டன. பார்வை மங்கியது.

1973இல் ஸ்டாலர்டு காலமானார். வேறு டாக்டர்கள் கதிர் குறைவாகப் பரவும் ருத்தேனியம், அயோடின் தகடுகளைக் கையாண்டார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,317 நோயாளிகளிடம் பெரிய சோதனை நடந்தது. ஒரு சாராருக்குக் கண் எடுக்கப்பட்டது. மறு சாராருக்கு அயோடின் தகடு வைக்கப்பட்டது. 2001இல் முடிவு வெளியாயிற்று. ஐந்து ஆண்டுக்குப் பிறகு இரு சாராரிலும் 100க்கு 80 பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். கண்ணை எடுக்காததால் உயிருக்கு ஆபத்து கூடவில்லை.

ஆனால் தகடு வைத்தவர்களில் 100க்கு 43 பேருக்கு, மூன்றே ஆண்டில் அந்தக் கண்ணின் பார்வை மிகவும் குன்றிவிட்டது.

ஆகவே சிகிச்சை முடிந்தபின்பும், வாழ்நாள் முழுவதும் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள்.

ஸ்டாலர்டின் கோபால்ட் மாறிவிட்டது. கட்டிக்கு நேரே தகட்டை வைத்துத் தைக்கும் அவருடைய முறை இன்றும் இருக்கிறது.