ஆய்வுக்கூடமும் ஆற்றங்கரையும்

டாக்காவை அடுத்த சிற்றூரொன்றில், 1893ஆம் ஆண்டு, எளிய மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் பேராசிரியர் மேகநாத சாகா. 1920இல் அவர் கண்ட அயனியாக்கச் சமன்பாடு விண்மீன்களின் நிறமாலைக்கு விளக்கம் தந்தது. உலகம் அவரைப் போற்றியது. ஆயினும் அப்புகழோடு அவர் அமைந்தாரில்லை. வங்கத்தின் வெள்ளத் துயரை நேரில் கண்டவராதலின், விண்ணை ஆய்ந்த அறிவை மண்ணின் நதிகள்பால் திருப்பினார். 1943ஆம் ஆண்டுத் தாமோதர் வெள்ளத்தின் பின் அமைந்த விசாரணைக் குழுவில் அவர் ஆற்றிய பணி, 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவாகத் துணைநின்றது. அரசின் திட்டங்களில் குறை கண்டவிடத்து அஞ்சாது இடித்துரைத்தார். அதன்பொருட்டே 1952இல் மக்களவை புகுந்தார். 1956 பிப்ரவரி 16இல், தில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியிலேயே உயிர்நீத்தார். கற்ற கல்வி மக்களுக்குரிய அமானிதம் என்பதை அவர் வாழ்வில் நாம் காண்கிறோம்.