குழாய்க்குள் அலையை அனுப்பியவர்



கொள்ளிடத்தில் தண்ணி வரும்போது திருமழபாடி கரையில் நின்னு பாருங்க. நடு ஆறு வேகமா முன்னால ஓடும். கரையோரச் சுழிப்பில் அதே தண்ணி பின்னால வரும். அங்கே சிக்கிய சருகு சுத்திக்கிட்டே இருக்கும், ஊரைத் தாண்டாது. இந்தச் சருகை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

மைக்ரோவேவ் லேபில் வேவ்கைடும் ஹார்ன் ஆன்டெனாவும் தொட்டிருப்பீர்கள். 1890களிலேயே கல்கத்தாவில் இவற்றைச் செய்து காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ். செடிகளுக்கு உணர்வு உண்டு என்று சொன்னவராகத்தான் பள்ளியில் நமக்கு அவரைத் தெரியும். அதற்கு முந்தைய கதை இது.

1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. இருந்தும் மகனை முதலில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல் வங்காளிப் பள்ளியில்தான் சேர்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்களில் மீனவர் வீட்டுப் பையனும் ஒருவன். தமிழ் மீடியத்திலிருந்து வந்து முதல் செமஸ்டரில் திணறிய நண்பர்களே, இதைக் குறிச்சு வச்சுக்கோங்க!

மருத்துவம் படிக்க லண்டன் போனார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் அறிவியலுக்கு மாறினார். அங்கே அவருக்கு ஆசிரியர், ராலே பிரபு.

1885-ல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் வேலை. அங்கே ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்லைங்க, 3 வருஷம்! அதுவும் அப்பாவின் கடன் தலைமேல் இருந்த நேரத்தில். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

1894-ல் மின்காந்த அலை ஆராய்ச்சியைத் தொடங்கினார். சரியான லேப் கிடையாது. ஒரு சின்ன அறை, உள்ளூர்த் தகரக் கைவினைஞரின் உதவி, அவ்வளவுதான். மற்றவர்கள் நீண்ட அலைகளோடு மல்லுக்கட்டிய காலத்தில் இவர் மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கினார். அலைநீளம் சிறிதானால் கருவியும் மேசைமேல் அடங்கும் இல்லையா? குழாய் வழியே அலையை அனுப்பினார், புனல் வைத்துப் பிடித்தார், கந்தகத்தில் லென்ஸ் செய்தார். முறுக்கிய சணலை வைத்தே அலையின் முனைவாக்கத்தைச் சோதித்தார். 1895-ல் சுவர் தாண்டி அலையை அனுப்பி, மணி அடிக்க வைத்தார்.

1897-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. வெற்றுக் குழாய்க்குள் எந்த அலை ஓடும், எது ஓடாது என்ற கணக்கை ராலே வெளியிட்டார். போஸ் இரண்டு கண்ணாடிப் பட்டகங்களுக்கு இடையே காற்று இடைவெளி விட்டு அளந்தார். முழு அக எதிரொளிப்பு நடக்கும் இடத்திலும், இடைவெளி மெல்லியதாக இருந்தால் அலை கசிந்து அடுத்த பக்கம் போய்விடும். ஒளியில் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. போஸின் அலைகளிலோ கையால் நகர்த்தி அளக்கலாம். நாம் எவனெசன்ட் என்று படிக்கும் தேயும் அலை இதுதான்.

ஓடும் அலை, தேயும் அலை என்ற இந்தக் குடும்பத்தில் மூணாவது ஒருத்தர் 1960களில் வந்து சேர்ந்தார்: கம்ப்ளெக்ஸ் மோடு. வேவ்கைடுக்குள் ஒரு பகுதியில் மட்டும் டைஎலெக்ட்ரிக்கை வையுங்கள். இழப்பே இல்லாவிட்டாலும் சில அதிர்வெண்களில் பரவல் மாறிலி கலப்பெண்ணாக வரும். டைஎலெக்ட்ரிக்கில் ஆற்றல் ஒரு பக்கம் போகும், காற்றுப் பகுதியில் எதிர்ப்பக்கம் திரும்பும். கூட்டினால் பூஜ்யம். நம்ம கொள்ளிடத்துச் சருகு! எதையும் கொண்டு போகாததை எதுக்குக் கணக்கில் சேர்க்கணும்னு கேட்கலாம். ஆனால் இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் இதை விட்டுவிட்டால் விடை தப்பாகிவிடும்.

வேவ்கைடை உலகம் பிறகு மறந்தே போனது. 1936-ல் அமெரிக்காவில் மறுபடி கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷம் நவம்பர் 23-ல் போஸ் மறைந்தார். சம்பளப் பாக்கி 3 வருஷத்தில் வந்தது. இந்தப் பாக்கிக்கு 40 வருஷம் ஆனது.

அடுத்த முறை லேபில் ஹார்னை மாட்டும்போது, ரெக்கார்டு நோட்டில் அவர் பெயரையும் ஒரு வரி எழுதுங்களேன்.