தொழிலாளர் தோழர் சிங்காரவேலர்



மே மாதம் முதல் தேதி நமக்கெல்லாம் விடுமுறை. அன்றைக்குப் பள்ளிக்கூட மணி அடிப்பதில்லை. அந்த ஒரு நாள் ஓய்வு சும்மா வந்ததென்றா நினைக்கிறீர்கள்? தமிழ் மண்ணில் அந்த நாளை முதன்முதலில் கொண்டாடிய ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவர்தான் சிங்காரவேலர். 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் மீனவக் குடும்பமொன்றில் பிறந்தார். கடலையும் வலையையும் நம்பிப் பிழைத்த சமுதாயம் அது. அங்கிருந்து பட்டப் படிப்பு முடித்து வக்கீலானார். வீடு நிறையப் புத்தகங்களைச் சேர்த்தார். வேறொருவராக இருந்தால் அந்தச் சுகத்தோடு நின்றிருப்பார். இவரோ 1921இல், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தின்போது, வக்கீல் தொழிலையே உதறிவிட்டுத் தொழிலாளர் பக்கம் வந்து நின்றார்.

அக்காலத்தில் ஆலைத் தொழிலாளியின் பாடு எப்படி இருந்தது தெரியுமா? 1922இல் திருத்திய சட்டம்கூட ஒரு நாளைக்கு 11 மணி நேரம் வேலை வாங்க இடம் கொடுத்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியிருந்தது. ஆனால் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. பக்கிங்காம் கர்னாடிக் ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மேலேயே வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்டது. சட்டம் முதலாளி பக்கம் இருந்தால் ஏழை எங்கே போவான்?

சட்டம் மாற வேண்டுமானால் உழைப்பவன் ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டும் என்று சிங்காரவேலர் கண்டார். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886இல் அமெரிக்கத் தொழிலாளர் போராடிய நினைவே மே தினம். அதை 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் கூட்டம் போட்டுக் கொண்டாடினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் மே தினம். அந்த நாளை விடுமுறையாக்க வேண்டுமென்று அரசாங்கத்தைக் கேட்டுத் தீர்மானமும் போட்டார்கள். அப்போது அவருக்கு வயது 63.

1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஆனாலும் துன்பம் ஓயவில்லை. 1928இல் ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களோடு நின்றதற்காக 68 வயதுக் கிழவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தார்கள்! பிறகு தண்டனை குறைந்து, 1930இல் வெளியே வந்தார். வந்தும் வாய் மூடவில்லை, எழுதினார், பேசினார்.

1946 பிப்ரவரி 11ஆம் நாள், 86 வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில் கண்மூடினார். இரண்டே ஆண்டில், 1948இல், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாதென்ற தொழிற்சாலைச் சட்டமும், குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இந்தியாவில் பிறந்தன. மரம் வைத்தவர் பழம் பார்க்கவில்லை.

பெற்றோர்களே! நம் நாட்டிலும் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் இருக்கிறது. 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை என்று அது சொல்கிறது. ஆனால் ஏட்டிலே இருக்கிற சட்டம் தெரிந்தவனுக்குத்தான் உதவும்.

மாணவர்களே! இன்று பரிசு வாங்கும் கையால் நாளைக்கு அப்பாவின் சம்பளச் சீட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள். எத்தனை நாள் வேலை, எவ்வளவு பிடித்தம், சேமநிதிக்கு எவ்வளவு என்று அம்மாவுக்கும் விளங்கச் சொல்லுங்கள். படித்த படிப்பு உழைப்பவனுக்குப் பயன்பட வேண்டும். சிங்காரவேலர் வாழ்ந்து காட்டியது அதைத்தான்.