பட்டியலில் முதல் பெயர்

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் குடியேறிய நம்மில் அநேகருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமைதான். வம்ச வரலாறு தேடினால் பழைய சபைப் பதிவேடுகளுக்குத்தான் போகணும். நானும் தேடினவன். பாளையங்கோட்டை சபையின் 1780-ம் வருஷப் பட்டியலில் 40 பெயர்கள். முதல் பெயர், குளோரிந்தா.

தஞ்சாவூர் மராட்டியப் பிராமண விதவை அவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு விவாகமில்லாமல் வாழ்ந்ததால், சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துட்டார். அந்த அம்மா பின்வாங்கிப் போகல. லிட்டில்டன் மரித்தபின், 1778-ல் பாளையங்கோட்டையில் அதே ஐயரிடமே ஞானஸ்நானம் பெற்றார். (முழுக்கு இல்லையே என்று சிலர் கேட்பீங்க. அந்த வாஞ்சையைப் பாருங்க!) தன் பணத்தையும் போட்டு ஆலயம் கட்டினார். 1785-ல் சுவார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை பண்ணினார். ஊரார் வைத்த பேர் பாப்பாத்தியம்மாள் கோவில். இன்றைக்கும் அது நிற்குது.

குலப்பெருமை தேடி அந்தப் பட்டியலைப் புரட்டுகிறவர் கண்ணில் முதலில் படுவது, ஒருகாலத்தில் மறுக்கப்பட்ட ஒரு விதவையின் பேர்.